நூற்றைம்பது சொற்களுக்குள்

பரசேரி தாண்டியும்
விஜிலாவின் பெருவிரல் அந்தக் காலிக் கட்டத்தின் மேலேயே நிற்கிறது.
தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனி.
இன்று இரவு பன்னிரண்டோடு முடிகிறது.
கைப்பேசியில் சார்ஜ் ஒன்பது.

'நீங்கள் ஒரு சிக்கலைத் தீர்த்த தருணத்தை விவரிக்கவும்.
நூற்றைம்பது சொற்களுக்குள்.'

எனக்கு என்ன பிளே சிக்கல், என்கிறாள்,
காலேஜ், வீடு, கோயில். தீந்து.

அதுவரை நிரப்பியிருந்ததை வாங்கிப் பார்த்தேன்.
கடின உழைப்பு. குழு மனப்பான்மை. தலைமைப் பண்பு.
பொழுதுபோக்கு: கால்பந்து, இடது விங்.
நீ எப்பம் பந்து விளையாடினே?
சீனியர் ஜெபினிடம் வாங்கிய மாதிரி.
அவன் யாரிடம் வாங்கினானோ.
எங்கள் துறையில் அறுபது பேரும்
இடது விங்கில்தான் ஆடுகிறோம்.

திங்கள்சந்தையில் ஒரு காலிக் கடவம் ஏறியது.
நடத்துநர் மூக்கைச் சுளித்தார்.
விஜிலா ஏறிட்டும் பார்க்காமல்
காலை ஒதுக்கி அதற்கு இடம் விட்டாள்.

அப்போதுதான் கேட்டேன்.
உங்கம்மைக்குக் காய்ச்சலடிச்ச சனிக்கிழமை
நீ என்ன செய்தே?

அதா, என்று சிரித்தாள்.
ஆறு கூடை சாளை ஏலத்துல எடுத்தாச்சு.
ஐஸ் மூணு கூடைக்குத்தான் காணும்.
அழகியமண்டபத்துக்கு வாற ஆட்டோக்காரன் வரல்ல.
பதினொண்ணு ஆனா விலை விழும்.
மூணு கூடைய அங்கேயே ஓட்டலுக்கு நட்டமில்லாத விலைக்குத் தள்ளினேன்.
மிச்சத்தத் தெருத் தெருவா.
கடன் சொன்ன நாலு வீட்ட நோட்டுப் பின்னட்டையில எழுதினேன்.
அம்மை ஏசினா.
பெறவு ரூவாய எண்ணிப் பாத்துட்டு ஏசல்ல.

இதத்தான்டி அவன் கேக்கான்.

எத? மீன் வித்ததையா?

'விரைவில் கெடும் சரக்கு' என்று தட்டத் தொடங்கினேன்.
சாளைன்னே எழுது, என்றாள்.
எழுதினேன்.
ஆறு கூடை, மூன்று கூடை ஐஸ், பதினொரு மணி,
கையில் நின்ற எழுநூற்று நாற்பது ரூபாய்.
சொல்லச் சொல்ல
முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
நூற்றுப் பன்னிரண்டு சொற்களில் தீர்ந்தது.

அடுத்த கட்டம்:
'நெருக்கடியில் பொறுப்பேற்றதுண்டா?'

எனக்குத் தெரியும்.
கொடிமுனையில் எல்லோருக்கும் தெரியும்.
புயலடித்த வருடம் அவள் எட்டாம் வகுப்பு.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
கோயில் வராந்தா மேசையில் உட்காரவைத்தார்கள்.
பெயர், வயது, போட்டு, கடைசியாய் வீட்டுக்குப் பேசிய நேரம்.
ஒரே பெயரில் மூன்று பேர் வந்தபோது
தகப்பன் பெயருக்கென்று ஒரு பத்தியை
அவளாகவே கோடு போட்டுச் சேர்த்தாள்.
கரையேறியவர்களுக்குப் பச்சை மை.
பச்சைப் பேனா
புதிதாகவே கிடந்தது.

தட்டினேன்:
'விவரங்களைத் திரட்டுதல், சரிபார்த்தல்'

அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.
ஒரு விரலை மட்டும் நீட்டி
அழிக்கும் குறியின் மேல் வைத்தாள்.
தல், ர்த்த, பா, ரி, ச
பின்னிருந்து முன்னாக
எல்லாம் போயிற்று.

அது கெடக்கட்டு, என்றாள்.

லட்சுமிபுரம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, துறை விழாவில் நாற்பது பேருக்குச் சோறு பத்தாமல்
பரோட்டாக் கடையில் அவள் கடன் சொன்ன கதையைப் போட்டோம்.
அதுவும் நடந்ததுதான்.

குளச்சலில் இறங்கும்போது சார்ஜ் இரண்டு.
வட்டம் சுற்றிச் சுற்றி
'பெறப்பட்டது' என்று வந்தது.
அதன் பிறகுதான் பார்த்தோம்,
கால்பந்தை எடுக்கவில்லை.

கேட்டா
ஆடிக் காட்டுவேன், என்று
செருப்பால் ஒரு சோடாமூடியைத் தட்டிவிட்டாள்.
வலது காலால்.